பூமலைத் தெம்புசு

தெம்புசு மரம் பூக்கும் மாதங்களில் சாயங்காலம் ஆகிவிட்டால் எங்கள் லயம் முழுக்க மணக்கும். வருஷத்துக்கு இரண்டு பூப்பு. மே, ஜூனில் ஒன்று, தீபாவளியை ஒட்டி இன்னொன்று. பகலில் அண்ணாந்து பார்த்தாலும் பூ இருப்பது சட்டென்று தெரியாது, அவ்வளவு உயரம். வெயில் தாழ்ந்து, அப்பா கால் கழுவிக்கொண்டு வாசலில் உட்காரும் நேரத்துக்கு அந்த மணம் புல்வெளியைத் தாண்டி வந்து சேரும். "மல்லியும் இல்ல, மகிழம்பூவும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல என்னமோ ஒண்ணு" என்பார் அம்மா. காலையில் போய்ப் பார்த்தால் மரத்தடியில் வெள்ளையும் வெளிர்மஞ்சளுமாகப் பூ விரித்துக் கிடக்கும். அதைப் பெருக்குவது அப்பாவின் வேலை.

பூமலை என்றால் சிங்கப்பூர்த் தமிழர்களுக்குத் தெரியும். அரசாங்கக் காகிதங்களில் அது தாவரவியல் பூங்கா. அறுபதுகளில் அதன் ஓரத்தில் எங்கள் லயம், அதாவது தொழிலாளர் குடியிருப்பு, இருந்தது. ஒரு பக்கம் தமிழர் வீடுகள், மறு பக்கம் ஜாவாக்காரர்களும் பாவியான்காரர்களும். அப்பா விடிவதற்குள் தென்னங்குச்சி விளக்குமாறு, மண்வெட்டி, பாராங்கத்தியோடு கிளம்பிவிடுவார். ஏழு மணிக்கு மேஸ்திரியான மண்டோர் தாத்தா பேர் கூப்பிட்டு ஆள் பிரிப்பார். அன்னக்குளத்துப் பக்கம் இரண்டு பேர், ஆர்க்கிட் கொட்டகைக்கு நாலு பேர், புல்வெட்ட மிச்சப் பேர். தெம்புசு நின்ற புல்வெளி எப்போதும் அப்பாவுக்குத்தான். கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது என்று பிற்பாடு அம்மா சொன்னார்.

அந்த மரத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காரணம் அதன் ஒரு கிளை. மற்ற கிளைகளெல்லாம் மேலே போக, ஒன்று மட்டும் தரையை ஒட்டித் தாழ்ந்து, நெடுந்தூரம் படுத்தபடி நீண்டு, பிறகு மனம் மாறியதுபோல நுனியை நிமிர்த்திக்கொண்டது. பெரியவர்கள் சாதாரணமாக ஏறி உட்காரும் உயரம். எங்களை ஒருவர் தூக்கிவிட வேண்டும், அல்லது பிளவுபட்ட பட்டையில் கால் வைத்து ஏற வேண்டும். தெம்புசுப் பட்டை ஆழ ஆழமாக வெடித்திருக்கும். விரல் முழுசாக உள்ளே போகும். உட்காருமிடத்தில் மட்டும் எத்தனையோ தலைமுறை உட்கார்ந்து தேய்த்து வழவழவென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு அங்கே இடம் கிடைக்காது. சீனக் கல்யாணத் தம்பதியர் கார் முகப்பில் பொம்மை கட்டிக்கொண்டு படம் பிடிக்க வருவார்கள். மணப்பெண்ணின் வெள்ளைக் கவுன் பட்டையில் சிக்காமல் இரண்டு தோழிகள் தூக்கிப் பிடித்திருப்பார்கள். கச்சாங் பூத்தே விற்கும் தமிழ்க்காரர் தலைச்சுமையை இறக்கிவைத்துவிட்டு, காகிதக் கூம்பில் கடலை மடித்துக்கொண்டே அந்த வேடிக்கையைப் பார்ப்பார். குரங்குகள் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வார நாட்களில் கிளை எங்களுடையது. பள்ளி விட்டதும் ஓடுவோம். நான், நாங்கள் மக்சிக் என்று கூப்பிட்ட பக்கத்து வீட்டு அம்மாளின் இரண்டு பையன்கள், மண்டோர் தாத்தாவின் பேத்தி. ஒரு நாள் அது கப்பல், ஒரு நாள் பஸ். கப்பலென்றால் அது ரஜூலாதான். வேறு கப்பல் பெயர் எங்களுக்குத் தெரியாது. என் தாத்தா முப்பதுகளில் நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறி, கங்காணியோடு ஜொகூர் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர். அந்தப் பயணக் கதையை அவர் எத்தனை தடவை சொன்னாலும் நாங்கள் கேட்போம். அந்தி சாய்ந்தால் மக்சிக் வாசலில் நின்று கூப்பிடுவார். பெரிய மரத்தடியில் இருட்டின பிறகு நிற்கக் கூடாது, மரத்துக்கு உரியவர்கள் வரும் நேரம் அது என்பார். அம்மாவும் அதையேதான் சொல்வார், வேறு பெயர்களில். லயத்துக்குப் பின்னால் இருந்த அரசமரத்தடிக் கல்லுக்கு வெள்ளிக்கிழமை தோறும் மண்டோர் தாத்தா சூடம் ஏற்றுவார். எங்கள் அம்மா எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்புவார். இந்தத் தீவில் தமிழர்களுக்கு மரத்தடிதான் முதல் கோயில். வாட்டர்லூ தெருக் கிருஷ்ணன் கோயிலே 1870இல் ஓர் ஆலமரத்தடியில் வைத்த சிலையிலிருந்து வளர்ந்ததுதான்.

நாங்கள் ஏறி விளையாடிய பூமலைக்கும் தாத்தா ஏறிவந்த கப்பலுக்கும் தொடர்பு இருப்பது பள்ளிப் பாடம் படிக்கும்போது தெரிந்தது. தோட்டம் தொடங்கியது 1859இல். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் பொறுப்புக்கு வந்த ரிட்லி என்ற வெள்ளைக்காரர், பட்டையை மீன்முள் வடிவில் சீவினால் மரம் சாகாமல் பால் தரும் என்று கண்டறிந்தார். கன்றை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் மன்றாடியதால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்றே பெயர் வந்தது. பிறகு மலாயாவெங்கும் ரப்பர் காடாயிற்று. பால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சேலத்திலும் கங்காணிகள் ஊர் ஊராகப் போனார்கள். என் தாத்தா வந்தது அப்படி. அவர் மகன் தோட்டத்தை விட்டுக் கடல்பாலம் தாண்டி வந்து வேலைக்குச் சேர்ந்தது, அந்த ரப்பர் வேர்விட்ட அதே பூமலையில். இதற்கெல்லாம் முன்னால், தோட்டமே இல்லாத காலத்தில், காட்டு மரமாக நின்றது எங்கள் தெம்புசு.

அப்பா அதைப் பற்றி நிறையப் பேச மாட்டார். வேலையில் தெரியும். புயல்காற்று அடித்த மறுநாள் காலை சாப்பிடாமல் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பார். முறிந்த சுள்ளி இருந்தால் அதன் அடியைச் சுத்தமாக வெட்டித் தார் பூசுவார். அந்தக் காலத்து வைத்தியம் அதுதான். வேரைச் சுற்றிப் புல்வெட்டும் இயந்திரத்தை விட மாட்டார், குந்தி உட்கார்ந்து கையால் வெட்டுவார். பட்டையைத் தட்டிக் காது வைத்துக் கேட்பார். கெட்டி மரம் இது, கரையான் தொடாது, இதில் செய்த வெட்டுப்பலகை மூன்று தலைமுறைக்கு வரும் என்று சொல்லிவிட்டு, உடனே அதற்கு வருத்தப்பட்டவர்போல அடிமரத்தைத் தடவிக்கொடுப்பார். சிவப்பு உருண்டையாகப் பழம் பழுத்தால் ராத்திரியெல்லாம் வௌவால். எங்களுக்குத் தூக்கம் கெடும். அப்பா மட்டும், "அதுதான் கன்னு போடுது, விடு" என்பார்.

1963இல் பிரதமர் லீ குவான் இயூ மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். பிறகு பேட்டை பேட்டையாக, சாலை சாலையாகக் குழி தோண்டினார்கள். 1971 முதல் நவம்பர் மாதம் முதல் ஞாயிறு மரம் நடும் நாள் ஆயிற்று. அமைச்சர்கள் நடுவார்கள், படம் பத்திரிகையில் வரும். முந்தின நாள் குழி தோண்டியதும், அடுத்த வாரமெல்லாம் தண்ணீர் சுமந்ததும் அப்பா போன்றவர்கள். அதைக் குறையாக அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் நான் சொல்வேன். இந்த ஊரின் பச்சைக்குப் பின்னால் இருக்கும் கைகளில் கணிசமானவை தமிழ்க் கைகள்.

மண்டோர் தாத்தா சாங்கி மரத்தின் கதையைச் சொல்லுவார். சிங்கப்பூரின் கிழக்கு முனையில் 76 மீட்டர் உயரத்துக்கு ஒரு மரம் நின்றது. கடலில் போகிறவர்கள் அதை வைத்துத்தான் கரையை அடையாளம் காண்பார்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பான்காரன் நெருங்கியபோது, அவன் பீரங்கிக்கு அது குறியாகிவிடும் என்று வெள்ளைக்காரப் பட்டாளமே அதை வெட்டிச் சாய்த்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் தாத்தாவுக்குக் கோபம் வரும். யுத்தத்தில் அவர் பறிகொடுத்தது எவ்வளவோ. ஆனாலும் அந்த மரத்தை வெட்டியிருக்க வேண்டாம் என்றே சொல்வார்.

பிற்பாடு நாங்கள் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிக்குக் குடிபோனோம். லயம் போயிற்று, அரசமரத்தடிக் கல்லை யாரோ ஒரு கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். தெம்புசு நின்றது. 1999இல் வெளிவந்த ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் அதன் படம் வந்தது, தாழ்ந்த கிளையோடு. தேக்கா சந்தையில் கீரை வாங்கிவிட்டு அம்மா சில்லறை எண்ணும்போது அந்த நோட்டை மட்டும் திருப்பிப் பார்த்து முடிச்சில் வைத்துக்கொள்வார்.

2001இல் தேசியப் பூங்காக் கழகம் மரபுடைமை மரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஐந்து மீட்டருக்கு மேல் சுற்றளவு, அரிய இனம், வரலாறு, மக்களின் நினைவு என்று பல அளவுகோல்கள். யார் வேண்டுமானாலும் ஒரு மரத்தை முன்மொழியலாம். குழு ஒன்று வந்து பார்த்து முடிவு செய்யும். தேர்வான மரத்துக்குப் பெயர்ப்பலகை, இடிதாங்கி, தவறாத பரிசோதனை. இன்று அப்படி 250 மரங்களுக்கு மேல் இருக்கின்றன. எங்கள் தெம்புசும் அதில் ஒன்று. திட்டத்தின் தேவை என்ன என்று கேட்பவர்களுக்கு அடுத்த ஆண்டே பதில் கிடைத்தது. 2002இல் சாங்கியில் ஏறத்தாழ 150 வயதான செங்கால் மரம் ஒன்றை அனுமதியில்லாமல் வெட்டிவிட்டார்கள். இந்தத் தீவில் அற்றே போய்விட்டதென்று எண்ணியிருந்த இனம் அது. வழக்கு நடந்தது, அபராதம் விதித்தார்கள், வெட்டிய கட்டையில் சிற்பம் செய்தார்கள். மரம் மரம்தான், சிற்பம் சிற்பம்தான்.

பாதுகாப்பு வந்தபோது வேலியும் வந்தது. தாழ்ந்த கிளைக்கு முட்டுக் கொடுத்து, சுற்றித் தடுப்பு வைத்து, ஏறாதீர்கள் என்று எழுதிவிட்டார்கள். என் வயதுக்காரர்கள் பலர் ஆத்திரப்பட்டார்கள். அவர்களின் கல்யாணப் படமும் அந்தக் கிளையில் இருக்கிறதல்லவா. எனக்கும் வருத்தம்தான். ஆனால் நான் வேலியின் பக்கம். பெரிய மரங்களின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் பரந்து கிடக்கிறது. நாள் முழுக்க ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்தால் மண் இறுகும், காற்றும் நீரும் இறங்காது, வேர் மூச்சுமுட்டும். அப்பா குந்தி உட்கார்ந்து கையால் புல்வெட்டிய இடத்தைத்தான் இப்போது வேலி காக்கிறது.

வேலியோ பலகையோ மரத்தைச் சாகாவரம் பெற்றதாக்கிவிடாது. 2017 பிப்ரவரி 11, ஒரு சனிக்கிழமை, அதே பூமலையில் இன்னொரு மரபுடைமைத் தெம்புசு வேரோடு சாய்ந்தது. 40 மீட்டர் உயரம், 270 ஆண்டுக்கும் மேற்பட்ட வயது. ஒரு பெண் இறந்துபோனார், அவர் குடும்பத்தினர் காயமடைந்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை மூத்த மரத்தை மக்கள் நடமாடும் இடத்தில் வைத்திருக்கலாமா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வெட்டிவிடுவது அதற்கு விடையல்ல. தட்டிப் பார்க்கத் தெரிந்த காதுகளும், அதற்குத் தகுந்த கருவியும், கைகளும் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். பழைய மரத்துக்கு அந்தஸ்து கொடுப்பது எளிது. அதன் கூடவே ஒரு வேலைக்காரரை வாழ்நாள் முழுக்க வைத்திருப்பதுதான் செலவு பிடிக்கும் காரியம்.

இப்போது எங்கள் பழைய குவீன்ஸ்டவுன் பேட்டையில் ஒரு தூங்குமூஞ்சி மரத்துக்காக நானே முன்மொழிவு எழுதிக்கொண்டிருக்கிறேன். 1876இல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்த இனம். அந்தி வந்தால் இலையை மூடிக்கொள்வதால் மலாய்க்காரர்கள் இதை 'ஐந்து மணி' என்பார்கள். அடியில் பெரியவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள், ரமதானில் மக்சிக்குகள் கூடுகிறார்கள், மாலையில் பங்களாதேஷ், தமிழகத் துப்புரவுத் தொழிலாளர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். படிவத்தில் சுற்றளவும் காரணமும் எழுதிவிட்டேன். ஒரு கோரிக்கையும் தனியாக எழுதியிருக்கிறேன். பலகை வைத்தால் அதில் இனத்தின் பெயர், உயரம், வயதோடு, இந்த மரத்தை நட்டவர்களும் பெருக்கியவர்களும் கவாத்து செய்தவர்களும் இன்னார் என்று ஒரு வரி வேண்டும், நான்கு மொழிகளிலும். பழைய சம்பளப் பதிவேடுகளில் பெயர்கள் இருக்கலாம், தேடிப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். பூமலைத் தெம்புசின் பலகைக்கும் அதையே கேட்டு இன்னொரு கடிதம் எழுதப் போகிறேன்.