கழுதைதான், படுங்கோ பிள்ளையள்

பேசாலையில் வீடு எடுத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. இரவு ஒரு மணி போல பின்வேலி சரசரத்தது. சோளகக் காற்றென்றால் ஒரே சீராக இரையும். இது விட்டுவிட்டுக் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் ஒரே கட்டிலில் ஏறி இருந்தோம், ஒருத்தியின் கையில் அகப்பை. அந்த நேரம் வேலிக்கு அங்கால இருந்து ஒரு குரல்: "கழுதைதான். படுங்கோ பிள்ளையள்."

மன்னார்த் தீவுக்கு வேலைக்கு வாற ஆக்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லவேணும். இங்கே கழுதைகள் இரவிரவாக றோட்டிலும் வளவுகளிலும் திரியும். அந்தக் குரலுக்குரிய பக்கத்து வீட்டு அன்ரி, யுத்தத்தில் கணவரை இழந்து, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியே இருப்பவர்.

வீட்டுக்காரர் எங்களுக்குச் சொன்ன பாதுகாப்பு ஒன்றே ஒன்று: "ஆறு மணிக்குப் பிறகு வெளிய நிக்காதேங்கோ." அன்ரி அடுத்த நாள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தா. பின்கதவுக் கொண்டியைப் பிடித்து இழுத்தா, கையோடு வந்துவிட்டது. அரை இஞ்சி ஆணி, அதுவும் உப்புக்காற்றில் துருவேறினது. நீட்டு ஸ்குரூ வாங்கிப் பூட்டி, மாதம் ஒருக்கால் தேங்காயெண்ணெய் விடச் சொன்னா. பகலில் முன்கதவில் ஆமைப்பூட்டைத் தொங்கவிட்டுப் போகிறது, 'வீட்டில் ஆளில்லை' என்று போர்டு எழுதி வைக்கிற மாதிரியாம். முன்கதவை உள்ளால் கொண்டி போட்டுவிட்டு, பின்பக்கம் பூட்டிப் போகப் பழகினோம்.

பெரிய கரைச்சல் கக்கூஸ். அது வளவின் மூலையில் இருந்தது. லைட் சுவிச்சோ அதற்குள்ளே! வெளிச்சம் வேணுமெண்டால் இருட்டைத் தாண்டிப் போகவேணும். அதனால் பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு நாங்கள் தண்ணி குடிக்கிறதில்லை. எங்களில் ஒருத்திக்குச் சலக்கடுப்பு வந்து மருந்தெடுத்த பிறகுதான் அன்ரியிடம் சொன்னோம். "இதுக்கேன் வெக்கம்?" என்று ஏசிப்போட்டு, வயரிங் செய்யும் தம்பியைக் கூட்டிவந்து சுவிச்சைக் குசினிக்குள் மாற்றுவித்தா. இப்ப முதலில் லைட்டைப் போட்டு, யன்னலால் பார்த்து, பிறகுதான் கதவைத் திறப்போம்.

வேலியில்தான் சண்டை வந்தது. ஆளுயரத் தகரம் அடிப்பம் என்று நாங்கள் நின்றோம். "தகரம் அடிச்சா ஆர் உங்களைக் காணுறது? உள்ள வந்தவனையும் ஒருத்தரும் காணமாட்டினம்" என்றா அன்ரி. கிணற்றடிக்கு மட்டும் தகரம், அவவின் பக்கம் நெஞ்சளவு ஓலைவேலி என்று முடிந்தது. எங்களுக்கு இது முழுக்கச் சம்மதமில்லை. எத்தனை மணிக்கு வந்தோம், ஆருடைய மோட்டார்சைக்கிளில் வந்தோம் எல்லாம் ஊருக்குத் தெரிகிறது. ரீலோட் போடப் போய் நம்பர் சொன்னால் அன்றிரவே 'ஹலோ, நான் ஆரெண்டு தெரியுதா' தொடங்கும் (இப்ப கார்ட்தான் வாங்குகிறோம்). அதற்குமேல் வேலியாலும் கண்ணா என்றிருந்தது.

அன்ரிக்கு 2011 ஓகஸ்ட் மறக்கவில்லை. கிறீஸ் பூதம் என்று கிழக்கு, புத்தளம், வடக்கு எல்லாம் பயம் பரவின நேரம். புத்தளத்தில் ஆத்திரப்பட்ட சனக்கூட்டத்திடம் ஒரு பொலிஸ்காரர் உயிர் விட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் சந்தேகப்பட்ட ஆளைத் துரத்தின ஊர்ச்சனத்தையே அன்றிரவு இராணுவம் வீடு புகுந்து அடித்து, நூறு பேருக்கு மேல் பிடித்துக்கொண்டு போனது. "ஆரிட்டச் சொல்லுறது எண்டு தெரியாத காலம். ஐஞ்சாறு பொம்பிளையள் சேர்ந்து ஒரு வீட்டிலதான் படுப்பம். சத்தம் கேட்டா தட்டத்தில அடிப்பம்."

எங்கள் குசினிச் சுவரில் கரியால் எழுதியிருக்கிறோம்: பொலிஸ் 119, பெண்களுக்கான உதவிக்கு 1938. அதற்குக் கீழே அன்ரியின் நம்பர். ஒரு மிஸ்ட் கோல் என்றால் 'எட்டிப் பாருங்கோ', இரண்டு என்றால் 'ஆக்களோட வாங்கோ'. ஒரு தட்டமும் ஆணியில் தொங்குகிறது.

போன மாதம் ஒருநாள் விடிந்து ஏழு மணியாகியும் அன்ரியின் குசினியில் புகை வரவில்லை. வேலியால் எட்டிப் பார்த்தோம், முற்றம் கூட்டாமல் கிடந்தது. ஓடிப்போய்க் கதவில் தட்டினோம். கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கொண்டியை எடுத்தா, உடம்பு அனலாகக் கொதித்தது. ஓட்டோவில் ஏற்றும்போது அவ கேட்டது: "உங்கட பின்கதவைப் பூட்டினியளோ?"

பூட்டவில்லை. ஒருத்தி திரும்பி ஓடினாள்.