ஒளூச் செய்யும் கை படும் மூலை

அல்லாஹ்வின் அருளால் சென்ற ஆண்டு சேலையூரில் உள்ள எங்கள் வீட்டின் குளியலறையைப் புதுப்பித்தோம். எங்கள் உம்மாவுக்கு 76 வயது. முக்காலியில் அமர்ந்து ஒளூச் செய்துவிட்டு, குழாயருகே உள்ள இடுப்பளவுச் சுவரின் மூலையைப் பற்றிக்கொண்டுதான் எழுவார்கள். ஒரு நாளைக்கு ஐந்து முறையாவது அந்த மூலையில் அவர்களுடைய கை படும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்கள். சிறு கீறல் விழுந்தாலும் இரத்தம் எளிதில் நிற்பதில்லை.

ஆகவே டைல்ஸின் நிறத்தைவிட அந்த ஓரத்தைப் பற்றியே நாங்கள் அதிகம் பேசினோம். மேஸ்திரியோ, "45 டிகிரி கட்டிங் போட்டுடலாம் பாய், ஒரே கல்லு மாதிரி இருக்கும்" என்றார். கண்ணுக்கு அது அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இரு டைல்ஸ்களின் விளிம்பையும் சாய்வாக அறுத்துச் சேர்க்கும்போது, மேற்பூச்சு மெல்லிய கூர்முனையாக நின்றுவிடுகிறது. வாளி ஒன்று இடித்தால் போதும், அது சில்லுச் சில்லாகப் பெயர்ந்து கத்தி முனையாகிவிடும்.

சுவருக்குப் பதிக்கும் சாதாரண செராமிக் டைல்ஸில் பளபளப்பு மேற்பூச்சில் மட்டுமே உண்டு. அதன் அடியில் இருப்பது நீரை உறிஞ்சும் சுட்ட மண். தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் நீர் ஏற்கும். விட்ரிஃபைடு வகை அரை சதவீதத்துக்கு மேல் ஏற்பதில்லை. அறுத்த ஓரத்தை அப்படியே விட்டால், நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் அதில் ஊறி வெண்படலமாகப் பூக்கும். அடுக்குமாடியாக இருந்தால் ஊறும் நீர் கீழ்வீட்டாரின் கூரையிலும் கசியக்கூடும். அது அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றிய விஷயம். நம் வீட்டு அழகோடு முடிந்துபோவதன்று.

நாங்கள் தேர்ந்தெடுத்தது முனை உருண்ட எவர்சில்வர் பட்டை. இதைப் பின்னாளில் ஒட்டவைக்க முடியாது. டைல்ஸ் பதிக்கும்போதே பசையில் அழுத்தி, பட்டையின் இறக்கை டைல்ஸின் அடியில் போகுமாறு வைக்க வேண்டும். பட்டையின் உயரம் டைல்ஸின் தடிமனுக்குப் பொருந்தாவிட்டால் அதுவே புதிய கூர்முனையாகிவிடும். அலுமினியம் மலிவு எனினும் உப்புநீரில் விரைவில் மங்கிவிடும். சாய்வு வெட்டுத்தான் வேண்டும் என்போர், மேற்பூச்சில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரை அறுக்காமல் விட்டு, இடைவெளியை எப்பாக்ஸியால் நிரப்பி, உப்புத்தாளால் முனையை மழுக்கச் சொல்லலாம்.

பழைய பள்ளிவாசல்களின் ஹவுள் ஓரத்துக் கருங்கல்லைப் பாருங்கள்; எத்தனையோ தலைமுறைகளின் கைகளும் பாதங்களும் பட்டு மழுங்கியிருக்கும். புதிதாகக் கட்டப்படும் ஒளூச் செய்யும் இடங்களிலோ, முழங்கால் உயரத்தில் கிரானைட் முனைகள் துருத்தி நிற்கக் காண்கிறோம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாக ஏற்ற நாம், முதியோரும் குழந்தைகளும் அமரும் அந்த வரிசையை விட்டுவிடலாமா? மஹல்லா நிர்வாகிகள் கட்டட வேலை நடக்கும்போதே இதைக் கேட்பது நல்லது. பின்னர் கேட்டால் உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, ஈரக்கையால் ஒவ்வொரு மூலையையும் மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். உறுத்தும் இடத்தைப் பென்சிலால் குறித்து, மேஸ்திரி தம் கருவிகளை எடுத்து வைப்பதற்கு முன்பே காட்டிவிடுங்கள். ஓர வேலைக்கு அடிக்கணக்கில் தனிக் கூலி கேட்பார்கள். பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.