திட்டு விழும் என்ற பயம்

மோசடியில் பணத்தைத் தொலைத்தவரிடம் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி, "எப்போது நடந்தது?" என்பதாக இருந்தால் பாதிப் பணமாவது மிஞ்ச வாய்ப்புண்டு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் முதல் கேள்வி, "படிச்சவர்தானே, இதுகூடவா தெரியாது?" என்றுதான் வருகிறது. பஸ்ஸில் பர்ஸைப் பறிகொடுத்தவருக்குக் காபி கொடுத்து ஆறுதல் சொல்லும் அதே குடும்பம், ஓடிபியைப் பறிகொடுத்தவரை நடுக்கூடத்தில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்கிறது.

இப்படித்தான் நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஏமாந்தவர் முதலில் செய்யும் காரியம் அதை மறைப்பது. எஸ்எம்எஸ்ஸைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார். பணத்தை எடுத்துக்கொண்ட அதே நம்பருக்குப் போன் செய்து பார்க்கிறார். விடிந்ததும் பாங்க்குக்குத் தனியாகப் போய் விசாரிக்கலாம் என்று படுக்கிறார். தூக்கம் வருவதில்லை. திருடனுக்குத் தேவைப்பட்டதும் அந்த ஒரு ராத்திரிதான்.

2024ஆம் ஆண்டில் மட்டும் சைபர் மோசடிகளில் ரூ.22,845 கோடி பறிபோனதாக மத்திய அரசு 2025 ஜூலையில் மக்களவையில் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கு ரூ.7,465 கோடி. ஒரே வருடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு. இந்தப் பணம் திருடனின் சொந்தக் கணக்குக்கு நேராகப் போவதில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தங்கள் பாங்க் கணக்கை வாடகைக்கு விட்டவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். முதலில் அப்படி ஒரு கணக்கில் விழும் தொகை, துண்டு துண்டாகப் பிரிந்து வேறு பல கணக்குகளுக்குப் போகிறது. பிறகு ஏதோ ஓர் ஊரில் ஏடிஎம்மிலிருந்து நோட்டாக வெளியே வருகிறது, அல்லது கிரிப்டோ நாணயமாக மாறி நாட்டைத் தாண்டிவிடுகிறது. நோட்டாக மாறும்வரைதான் அதைத் துரத்திப் பிடிக்க வழி உண்டு.

துரத்துவதற்கு ஓர் ஏற்பாடும் இருக்கிறது. 2021ல் 155260 என்ற எண்ணில் தொடங்கி, பின்னர் 1930 என்று மாற்றப்பட்ட உதவி எண்தான் அது. அந்த எண்ணுக்குச் சொன்னவுடன், பணம் போய்ச் சேர்ந்த பாங்க்குக்குத் தகவல் பறக்கிறது. தொகை அங்கேயே இருந்தால் முடக்கிவைக்கிறார்கள். நகர்ந்துவிட்டால் அடுத்த பாங்க்குக்குத் தகவல் போகிறது. இந்த ஏற்பாட்டின் மூலம் 2025 ஜூலை வரை 17 லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்களில் ரூ.5,489 கோடி காப்பாற்றப்பட்டதாகவும் அரசு கூறியது. போனதோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான். ஆனால் அதில் ஒவ்வொரு ரூபாயும், யாரோ ஒருவர் வெட்கப்படாமல் சீக்கிரம் வாயைத் திறந்ததால் தப்பிய ரூபாய்.

ஏமாறுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள், அல்லது பேராசைக்காரர்கள் என்ற கருத்து ஊர் முழுக்க இருக்கிறது. ஏமாறாதவர்களுக்கு அந்தக் கருத்தில் ஒரு சுகமும் இருக்கிறது. லூதியானாவைச் சேர்ந்த வர்த்மான் ஜவுளித் தொழில் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலை அந்த இரண்டு வகையிலும் சேர்க்க முடியாது. 2010ல் பத்மபூஷண் பெற்றவர். 2024 ஆகஸ்டில், தம் 82ஆவது வயதில், சிபிஐ அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டவர்களிடம் சிக்கினார். ஸ்கைப் மூலம் இரவு பகலாகக் கண்காணித்தார்கள். உச்ச நீதிமன்ற விசாரணை என்று ஒரு நாடகம் நடத்தினார்கள். தலைமை நீதிபதியாகவே ஒருவர் நடித்தார். போனது ரூ.7 கோடி. ஓஸ்வால் அதை மூடி மறைக்கவில்லை. சில நாட்களுக்குள் போலீஸில் புகார் கொடுத்தார், பிறகு பத்திரிகைகளிடமும் வெளிப்படையாகப் பேசினார். ரூ.5.25 கோடி மீட்கப்பட்டது. அவர் வெட்கப்பட்டு ஒரு மாதம் சும்மா இருந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

இந்த வகை மோசடியில் திருடர்கள் போடும் முதல் கட்டளையைக் கவனிக்க வேண்டும். பணம் கேட்பது கடைசியில்தான். அதற்கு வெகு முன்பே, "இது ரகசிய விசாரணை, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்" என்று உத்தரவு வருகிறது. பக்கத்து அறையிலிருக்கும் மனைவியோ, மாடிப்படியில் எதிர்ப்படும் அண்டை வீட்டுக்காரரோ ஒரே ஒரு வார்த்தை கேட்டால் நாடகம் கலைந்துவிடும் என்பது திருடனுக்குத் தெரியும். 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். அறையில் தனியாக, போன் காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது நினைவுக்கு வருவதில்லை. நினைவூட்டுவதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

நாட்டில் புத்திமதிக்குப் பஞ்சமே இல்லை. 2025ல் பல மாதங்கள், யாருக்குப் போன் செய்தாலும் மணி அடிப்பதற்கு முன் அமிதாப் பச்சனின் குரல் எச்சரித்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடும் அவசரத்திலும் இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று ஜனங்கள் சலித்துக்கொண்டார்கள். அந்த ஜூன் மாதம் அது நிறுத்தப்பட்டது. ஓடிபி சொல்லாதே, லிங்க்கைத் தொடாதே, தெரியாத ஆப்பை இறக்காதே என்று பாங்க்குகள் வாரம் தவறாமல் எஸ்எம்எஸ் அனுப்புகின்றன. பத்தாவது தடவைக்குப் பிறகு யாரும் அதைப் படிப்பதில்லை. திருடன் மட்டும் கவனமாகப் படிக்கிறான். "சார், உங்கள் கார்டை யாரோ தவறாகப் பயன்படுத்துகிறார்கள், தயவுசெய்து யாரிடமும் ஓடிபி சொல்லிவிடாதீர்கள்" என்றே அவன் பேச்சைத் தொடங்குகிறான். புத்திமதி சொல்கிறவன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும் என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார்.

வீட்டுக்குள் கிடைக்கும் புத்திமதி வேறு ரகம். எந்த ஊரிலும் காணக்கூடிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்பா ரயில்வேயிலோ தபால் துறையிலோ முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்கு வழக்கில் ஒரு பைசா தவறாதவர். மகன் புனேயிலோ பெங்களூரிலோ கம்ப்யூட்டர் வேலை. தீபாவளிக்கு வந்தபோது புது போன் வாங்கிக் கொடுத்து, ஆப்களை எல்லாம் ஏற்றி, பத்து நிமிடத்தில் பாடம் நடத்திவிட்டுப் போனான். ஒரு வாரம் கழித்து அப்பா கேட்டார். சொன்னான். இன்னொரு வாரம் கழித்துக் கேட்டார். "போன தடவைதானே சொன்னேன்" என்றான். மூன்றாவது தடவை, "எத்தனை வாட்டிப்பா சொல்றது? மீட்டிங்ல இருக்கேன்" என்றான். நான்காவது தடவை அவர் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் மின்சாரக் கட்டணம் இரண்டு முறை பிடித்தமாகிவிடுகிறது. அப்பா மகனைக் கேட்பதற்குப் பதிலாக இணையத்தில் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடுகிறார். அங்கே போலி நம்பர்களும் கடை விரித்திருக்கின்றன. போனை எடுக்கும் குரலுக்கு எந்த மீட்டிங்கும் இல்லை. "சொல்லுங்க சார்" என்கிறது. ஒரே சந்தேகத்தை நான்கு தடவை கேட்டாலும் நான்கு தடவையும் அலுக்காமல் விளக்குகிறது. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறது. மகனிடம் கிடைக்காத பொறுமை திருடனிடம் கிடைக்கிறது. அந்தப் பொறுமைக்கு விலையாக வருங்கால வைப்பு நிதிப் பணம் போய்விடுகிறது.

அப்பாவின் டயரியும் கேலிக்கு உள்ளாகும் சமாச்சாரம். பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரு பழைய டயரியில் எழுதி பீரோவில் வைத்திருப்பார். "இதைவிட ஆபத்து வேறில்லை" என்று மகன் சிரிப்பான். இந்த விஷயத்தில் அப்பா சொல்வதில்தான் நியாயம் அதிகம். பாதுகாப்பு நிபுணர் ப்ரூஸ் ஷ்னையர் 2005லேயே, பாஸ்வேர்டைக் கடினமாக வைத்துக்கொண்டு ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள் என்று யோசனை சொன்னார். எங்கோ ஒரு மேஜையில் உட்கார்ந்து போனில் பேசுகிறவனால் பீரோவைத் திறக்க முடியாது. கார்டின் பின்னட்டையில் பின் நம்பரை எழுதுவதும், டயரியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதும்தான் தவறு.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் சேர்த்துப் பாஸ்வேர்டு அமைத்து, அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற வழக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. 2003ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்புக்காக அந்த யோசனைகளை எழுதியவர் பில் பர். தாம் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017ல் அவரே பேட்டியில் சொன்னார். அடிக்கடி மாற்றச் சொன்னால் ஜனங்கள் கடைசி எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறார்கள் என்பது புரிந்துவிட்டது. அந்த அமைப்பும் அதே ஆண்டு அந்த விதிகளைக் கைவிட்டது. நிபுணர்களே பதினான்கு வருடம் கழித்துக் கருத்தை மாற்றிக்கொண்ட விஷயத்துக்காக எழுபது வயதுக்காரரைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

நினைவில் வைக்க வேண்டியவை உண்மையில் கொஞ்சம்தான். யுபிஐ பின் நம்பர், பணம் கொடுப்பதற்கும் பாக்கி பார்ப்பதற்கும்தான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. அதனால், 'உங்களுக்குப் பணம் வர வேண்டும், பின் நம்பரைப் போடுங்கள்' என்று யார் சொன்னாலும் அவன் திருடன். எந்த போலீஸும் எந்த நீதிமன்றமும் வீடியோ காலில் கைது செய்வதில்லை. பாங்க்கிலிருந்து என்று போன் வந்தால், பேச்சைப் பாதியில் துண்டித்துவிட்டு, கார்டின் பின்புறம் அச்சாகியிருக்கும் நம்பருக்குத் தாமே போன் செய்யலாம். உண்மையான அதிகாரி இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைப்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட தலைமுறைக்கு இந்த ஒன்றுதான் மிகவும் கஷ்டம். வீட்டிலிருப்பவர்கள் அதற்கு அனுமதி கொடுத்து, இரண்டு மூன்று தடவை பழக்கியும் விட வேண்டும்.

எல்லாவற்றையும் மீறி ஏமாந்துவிட்டால், முதல் போன் 1930க்கு, இரண்டாவது பாங்க்குக்கு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் எழுதிவிடலாம். சொல்லும் நேரத்துக்குச் சட்டப்படியும் மதிப்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் மீதோ பாங்க் மீதோ தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை என்று வகுத்தது. அவர் கவனக்குறைவாக ஓடிபியைச் சொல்லிவிட்டிருந்தால், பாங்க்குக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட நஷ்டம் அவருடையது; தெரிவித்த பிறகு ஏற்படுவது பாங்க்கினுடையது என்றது. அதாவது, தவறு செய்தவர்கூடச் சொன்ன நிமிடத்திலிருந்து பாதுகாப்பைப் பெற்றார். சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்துக்குத்தான் பாதுகாப்பு இல்லை.

இதெல்லாம் வயதானவர்களின் பிரச்னை என்று நினைக்கும் மகன்களுக்கென்றே திருடர்கள் வேறு வலை வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு ஷேர் மார்க்கெட் குழு. அதில் தினமும் யாராவது லாபம் சம்பாதித்ததாக ஸ்கிரீன்ஷாட் போடுகிறார்கள். அவர்கள் கொடுக்கும் ஆப்பில் முதலீடு இரண்டு மடங்காக, மூன்று மடங்காகத் தெரிகிறது. எடுக்கப் போனால், முதலில் வரி கட்டு என்கிறார்கள். கட்டினால் இன்னொரு வரி. கம்ப்யூட்டரில் கரைகண்டவர்களும் இதில் வீட்டுக் கடனுக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டிருக்கிறார்கள். அப்பாவிடம் அத்தனை தடவை பேசியவன், இதை இப்போது யாரிடம் சொல்வான்? மனைவியிடம் மறைக்கிறான். நண்பனிடம் கடன் வாங்கி அடுத்த வரியைக் கட்டுகிறான். அதுவும் போகிறது.

வீட்டில் அடுத்து ஏமாறப்போவது யார் என்பது யாருக்கும் தெரியாது. அதனால், எவ்வளவு போனாலும் உடனே வந்து சொல்லலாம், சொன்னால் யாரும் திட்ட மாட்டார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது பேசி வைத்துக்கொள்வது நல்லது. தேதி காலண்டரின் அட்டையில் 1930 என்று பெரிதாக எழுதியும் வைக்கலாம். திட்டியே ஆக வேண்டும் என்று இருப்பவர்கள் அந்த நம்பருக்குப் பேசி முடித்துவிட்டுத் திட்டலாம். அதற்குப் பிறகு நிறைய நேரம் இருக்கும்.