கோல்ஃப் திடலும் மேய்ச்சற்றரையும்

வெறும் நிலம் என்று உலகில் ஒன்று உண்டா? ஆட்சியாளரின் ஏடுகளில் உண்டு. உழப்படாத நிலம், வேலியிடப்படாத நிலம், உறுதி எழுதப்படாத நிலம் ஆகிய யாவும் அங்கே வெறும் நிலங்களே. அந்நிலத்தின் புல்லை நம்பி வாழ்பவனைக் கேட்டால் விடை வேறாகும்.

2023 செப்டெம்பர் மாதம் இவ்வகையில் நினைவிற் கொள்ளத்தக்கது. அம்மாதம் முதலாந் திகதி, ஹொங்கொங் அரசு ஃபன்லிங் என்னுமிடத்துக் கோல்ஃப் திடலில் 32 ஹெக்டேயரை மீட்டெடுத்தது. மொத்தம் 172 ஹெக்டேயர் கொண்ட அத்திடல், 1889 இல் தோன்றிய செல்வர் கழகமொன்றின் குத்தகையில் இருந்து வந்தது. மீட்ட நிலத்தின் ஒரு பகுதியில் 12,000 பொதுவீடுகளைக் கட்டுவது திட்டம். பொதுவீட்டுக்காக ஏழைமக்கள் ஐந்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்த நகரம் அது. ஒரே வீட்டைத் தடுப்புகளாற் கூறுபோட்டுப் பல குடும்பங்கள் ஒண்டியிருக்கும் நகரம். ஆயினும் முதிய மரங்களைச் சான்றுகாட்டிக் கழகத்தார் எதிர்த்தனர்; வழக்காடினர். 2024 டிசெம்பரில் உயர் நீதிமன்றம் திட்டத்தின் சுற்றாடல் அனுமதியை இரத்துச் செய்தது.

அதே 2023 செப்டெம்பரில், எமது மட்டக்களப்பு மாவட்டத்துச் சித்தாண்டியில், மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் தொடர் அறப்போராட்டத்தில் அமர்ந்தனர். அவர்களுக்கு மாளிகைக் கழகம் இல்லை, வேண்டியதும் பெரிதன்று. தம் மாடுகள் மேயும் தரையை மேய்ச்சற்றரை என்று வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும், அத்துமீறிய பயிர்ச்செய்கையை நிறுத்த வேண்டும் என்பனவே அவர்களின் கோரிக்கைகள்.

நான் ஆசிரியப் பணிபுரியும் கொக்கட்டிச்சோலை, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ளது. மாடும் வயலும் பிணைந்த வாழ்வு இங்கு வீட்டுக்கு வீடு தெரிந்தது. பெரும்போகத்துக்கு விதைத்ததும் மாடுகளைத் தூரத்துத் தரைகளுக்குச் சாய்த்துச் செல்வர். அறுவடை முடிந்ததும் அவை திரும்பி அறுத்த வயலில் மேயும். சாணம் வயலுக்கு எருவாகும். ஆகவே, ஆண்டின் சில மாதங்கள் ஆளும் மாடுமின்றிக் கிடக்கும் தரை கைவிடப்பட்ட தரையன்று. அது ஓய்வெடுக்கும் தரை. புல் மீண்டும் தழைப்பதற்கு அவ்வோய்வு வேண்டும். வாகனத்தில் வந்து பார்வையிடும் அதிகாரியின் கண்ணுக்கோ அது வெறுமையாகத் தோன்றுகிறது.

இப்பார்வை புதிதன்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது. தோட்டத் துரைமாருக்கு நிலம் வழங்க அது வழிகோலிற்று. துரைமார் போயினர், அவர்தம் சட்டத்தின் மனம் போகவில்லை. மயிலத்தமடுப் பகுதி இன்று மகாவலி அதிகார சபையின் ‘பீ’ வலயத்துள் அடங்குகிறது. 2020 ஆம் ஆண்டளவில் அயல் மாவட்டங்களிலிருந்து வந்த பெரும்பான்மையினத்து உழவர் அங்கே பயிர்செய்வது தீவிரமடைந்தது. மாடுகள் சுடப்படுகின்றன, வெடிவைத்துக் கொல்லப்படுகின்றன என்று பண்ணையாளர் முறையிட்டனர்.

இங்கே நாம் தெளிவாக இருத்தல் வேண்டும். மண்வெட்டியோடு வந்த ஏழை உழவன் எம் பகைவன் அல்லன். அவனுக்கும் பசி உண்டு. ஓர் ஏழையின் பசியைக் கொண்டு மற்றோர் ஏழையின் புல்லை அழிக்கும் கொள்கையே பகை. அக்கொள்கை இனக்கணக்கையும் உள்ளடக்கியது என்பதை மறைப்பதும் நேர்மையாகாது. அதனாலேதான் உழவனும் இடையனும் ஒரே வர்க்கத்தினர் என்ற உண்மை அவர்கள் இருவருக்குமே புலப்படாமற் போகிறது.

கோல்ஃப் திடலின் புல் காக்கப்பட வேண்டியதெனில், மாட்டுத் தரையின் புல் ஏன் காக்கப்படக் கூடாது? திறந்த வெளியைக் காப்போம் என்ற முழக்கம் தன்னளவில் முற்போக்கும் அன்று, பிற்போக்கும் அன்று. அவ்வெளியால் வாழ்பவர் யார், அது பறிபோனால் பட்டினி கிடப்பவர் யார் என்று கேட்ட பின்பே நாம் பக்கஞ் சேர முடியும்.

சென்ற ஆண்டு வகுப்பில் வெட்சி, கரந்தைத் திணைகளை விளக்கினேன். பகைவர் ஆநிரை கவர்வதும் உரியவர் மீட்பதும் பழந்தமிழர் போர்முறை என்றேன். பட்டிக்காரர் வீட்டு மாணவன் ஒருவன் எழுந்தான். “சேர், மாட்டைக் கொண்டு போனால் மீட்டு வரலாம். தரையையே கொண்டு போனால் என்ன திணை?” என்றான். வகுப்பு சிரிக்கவில்லை. இலக்கணத்தில் அதற்குப் பெயர் இல்லை என்றேன். பின்னர் 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கரும்பலகையில் எழுதி அன்றைய பாடத்தைத் தொடர்ந்தேன்.

‘மாடு’ என்ற சொல்லுக்குச் செல்வம் என்பதும் பொருள். வள்ளுவரும் அப்பொருளில் அச்சொல்லை ஆண்டுள்ளார். எமது தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக் கல்நந்தி, பறங்கியர் கண்முன் எழுந்து புல்லுண்டது என்பது இவ்வூர் ஐதிகம். அந்நியன் ஆயுதத்தோடு வந்து நின்றபோது புல் தின்னும் உரிமையையே தம் கடவுளின் சான்றாகக் கொண்ட மக்கள் எம் முன்னோர். உயிருள்ள மாடுகளுக்கு அவ்வுரிமையைப் பெற அற்புதம் வேண்டியதில்லை. ஒரு வர்த்தமானி அறிவித்தலும், அதை எழுதவைக்கும் மக்கள் ஒற்றுமையுமே வேண்டும். ஆசிரியரும் மாணவரும் அவ்வொற்றுமைக்குப் புறத்தே நிற்க முடியாது.