வாசலில் ஒரு குடம்

தைப்பூசம் நெருங்கிவிட்டால் திண்டுக்கல்லிலிருந்து ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் போகும் சுமார் 60 கிலோமீட்டர் சாலை பாதயாத்திரைக்காரர்களால் நிறைந்துவிடும். காரைக்குடிப் பக்கத்திலிருந்து நத்தம் வழியாக வருகிறவர்களுக்கு இது பல நாள் நடை. வழிநெடுக அன்னதானப் பந்தல்கள், அவற்றின் மேல் கொடுத்தவர்களின் படங்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. பசித்தவருக்கு எவர் பெயரில் வந்தாலும் சோறு சோறுதான். ஆனால் ஒருவரின் குணத்தை அறிய வேண்டுமானால், விடியுமுன் வாசலில் குடத்தையும் டம்ளரையும் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறவரைத்தான் நான் பார்ப்பேன். குடிப்பவர் யாரென்று அவருக்குத் தெரியாது. வைத்தவர் யாரென்று குடிப்பவருக்கும் தெரியாது. நன்றியோ புகழோ வந்து சேர வழியில்லாத இடத்தில் ஒருவர் செய்வது, அவருடைய இயல்பிலிருந்துதான் வர முடியும்.

இயல்பென்று ஒன்றுமில்லை, எல்லாம் சூழ்நிலைதான் என்பார்கள். அதற்கு வலுவான ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்து டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வு 1973-இல் வெளிவந்தது. வழியில் ஒருவர் சுருண்டு கிடக்கிறார். நேரம் கையில் இருந்த மாணவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். அவசரப்படுத்தி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு தருணத்தை வைத்து யாரையும் நல்லவர், கெட்டவர் என்று தீர்ப்பது அநியாயம். ஆனால் குடம் ஒரு தருணத்தோடு முடிவதில்லை. தினமும் கழுவ வேண்டும், நிரப்ப வேண்டும். அதுவும் எந்த ஊரில்? மழை பொய்த்தால் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் வற்றி, குடிதண்ணீரை விலைக்கு வாங்கிப் பழகிய திண்டுக்கல்லில். அவசரமான நாளிலும் தண்ணீர் இல்லாத நாளிலும் தொடர்கிற ஒன்றைச் சூழ்நிலையின் கணக்கில் எழுத முடியாது.

புண்ணியம் தேடித்தானே வைக்கிறார்கள் என்று கேட்கலாம். இருக்கட்டும். பழைய பாதைகளில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களும் அப்படித்தான். கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக, அவள் ஆன்மா ஆறட்டும் என்று நட்டவை பல. நட்டவர்களின் துக்கம் அவர்களுடையது. ஆனால் கல்லின் உயரம்? அடுத்தவர் கைகொடுக்காமலே தலைச்சுமையை இறக்கி, மறுபடி ஏற்றிக்கொள்ளத் தோதான உயரம் அது. நட்டவர் முகமறியாத ஒருவரின் கழுத்து வலியை நினைத்துப் பார்த்திருக்கிறார். நோக்கத்தைத் திறந்து பார்க்க நம்மால் ஆகாது. வெறுங்காலில் நடந்து முழங்கால் விறைத்தவர் குனியாமல் எடுக்கும்படி, நிழல் விழும் திண்ணையில் ஒருவர் குடத்தை வைத்திருக்கிறாரா என்பதைப் பார்க்க முடியும்.