விளிம்பில் பொறித்த பெயர்

பெசன்ட் நகர் கடற்கரைக்குச் சென்றவர் எவரும் அந்த வெண்ணிற வளைவைக் காணாமல் திரும்பியிரார். மணற்பரப்பில் தனித்து நிற்கும் அச்சின்னத்தின் நிழலில் சிறுவர்கள் விளையாடுகிறார்கள். பெரியோர் சற்றே அமர்ந்து இளைப்பாறுகிறார்கள். அது யாருக்காக எழுப்பப்பட்டது என்பதை நின்று படிப்போர் சிலரே.

டென்மார்க் நாட்டவரான ஷ்மிட் என்பவர், 1930 டிசம்பர் 30 அன்று, இக்கரையருகே பிறர் உயிரைக் காக்க முனைந்து தம் உயிரை நீத்தார். அவரது பெயரையும், மறைந்த நாளையும், செய்த செயலையும் கல்வெட்டு கூறுகிறது. பெற்றோர் யார், ஊர் எது என்று அது கூறவில்லை. ஆயினும் பெயரும் நாளும் இருப்பதால், அவருடைய குடும்பத்தைத் தேட விழைவோர் பிடித்துச் செல்ல ஒரு நூலிழை எஞ்சியிருக்கிறது.

போருக்குச் சென்ற நம்மவர் பலருக்கு இந்த நூலிழையும் வாய்க்கவில்லை. முதல் உலகப் போரில் ஏறத்தாழ 13 லட்சம் இந்தியர் பணியாற்றினர். 70,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா வரை சென்று போரிட்டது. தமிழகத்துச் சிற்றூர்கள் சிலவற்றில், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்னும் கல் இன்றும் உண்டு. அதில் எண்ணிக்கை இருக்கும், பெயர் இராது. ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்திலும் இந்தியச் சிப்பாய்கள் எண்ணிக்கையாகவே பொறிக்கப்பட்டனர். இத்தகைய பாகுபாடு நிகழ்ந்ததை, பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் வெளியான அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

கல் மறந்த பெயரை, வீட்டுப் பெட்டகத்தில் உறங்கும் பதக்கம் நினைவில் வைத்திருக்கக்கூடும். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் படைவீரருக்கு வெள்ளியிலும், தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்திலும் வழங்கப்பட்டது. அதன் விளிம்பைச் சுற்றிப் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொடி எழுத்துகளில் பதிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போரின் பதக்கங்களைத் தன் நாட்டுப் படைவீரருக்குப் பெரும்பாலும் பெயரின்றியே வழங்கிய பிரிட்டன், இந்தியப் படையினருக்குப் பெயர் பொறித்தே வழங்கியது.

இவற்றுள் படை எண்ணே தலையாயது. ஒரே படையில் அப்துல் காதர்கள் பலர் இருந்திருப்பர். ஷேக் தாவூதுகளும் பலர் இருந்திருப்பர். ஆங்கில எழுத்தர் ஒவ்வொருவரும் முகம்மது என்னும் பெயரை ஒவ்வொரு விதமாக எழுதினர். பெயர் மயங்குமிடத்தில், படைப்பிரிவோடு சேர்த்துப் பார்க்கும் எண்ணே ஆளைப் பிரித்துக் காட்டும். மாண்டவராயின், அந்த எண்ணையும் பெயரையும் கொண்டு மேற்கூறிய ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடலாம். பல பதிவுகளில் தந்தையின் பெயரும், ஊரும், தாலுகாவும் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வாறு அமைந்துவிட்டால், எவர் கையிலோ கிடந்த பதக்கம் தன் குடும்பத்தின் வாசலைச் சென்றடைய வழி பிறக்கும்.

பெசன்ட் நகருக்கு வருவோர் ஒருநாள் கிண்டியைக் கடந்து நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கும் சென்று வரலாம். இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850-க்கும் மேற்பட்டோர் அங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அதன் பின்புறமுள்ள நினைவுச் சின்னத்தில், முதல் உலகப் போர்க் காலத்தில் மறைந்து வேறிடங்களில் அடங்கிய 1,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று, அப்பெயர்களை வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள்.

வீட்டில் பாட்டனாரின் பதக்கம் இருக்குமாயின், அதைப் புளியிட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்க்கத் தேய்க்க விளிம்பின் எழுத்து மறைந்துவிடும். வெள்ளியென்று எடைக்குப் போடவும் வேண்டாம். எடைக்குக் கிடைக்கும் பணம் சில நாட்களில் கரைந்துவிடும். உருக்கிய பெயர் மீண்டும் கிடைக்காது. விளிம்பில் உள்ளதை எழுத்து மாறாமல் ஒரு தாளில் எழுதுங்கள். அதனடியில், அவர் யாருடைய மகன், எந்த ஊரார் என்பதை வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பதக்கம் சொல்லாத அச்செய்தியை அவர்களே அறிவார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நம் கடமை.