தானே அணையும் புரதம்

நெபுலைசர் முகமூடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் சற்று நேரத்தில் மகனுக்கு இழுப்பு அடங்கிவிடும். கூடவே விரல்கள் லேசாக நடுங்கும். "கை ஆடுதும்மா" என்று நீட்டிக் காட்டுவான். நெபுலைசரில் ஊற்றும் சால்பூட்டமால் பற்றிக்கொள்ளும் ஏற்பி மூச்சுக்குழலில் மட்டுமல்ல, கைத் தசையிலும் இருக்கிறது, அதனால்தான் நடுக்கம். ஆனால் அந்த மருந்து செல்லுக்குள் நுழையவே தேவையில்லை. செல் சவ்வில் பதிந்த ஏற்பியோடு அதன் வேலை முடிந்துவிடும். சேதியை உள்ளே எடுத்துப்போவது ஜி-புரதம்.

கல்லூரியில் எங்கள் பேராசிரியை அதை மூன்று நிறச் சாக்பீஸில் வரைவார். ஆல்பா, பீட்டா, காமா. ஓய்வில் மூன்றும் ஒட்டியிருக்கும்; ஆல்பா ஒரு குவனோசின் டைபாஸ்பேட்டைப் பிடித்திருக்கும். ஏற்பி வடிவம் மாறியதும் அது கழன்று, அந்த இடத்தில் ட்ரைபாஸ்பேட் வந்து அமரும். ஆல்பா பிரிந்துபோய் அடினைல் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டும். செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி பெருகும். "இதுவரைக்கும் எல்லாரும் எழுதிடுவீங்க. எப்படி நிக்குதுன்னு எழுதுங்க" என்பார்.

நிற்பதுதான் அழகு. ட்ரைபாஸ்பேட்டில் ஒரு பாஸ்பேட்டை ஆல்பாவே வெட்டிவிடுகிறது. வெட்டியதும் சேதி ஓய்கிறது, ஆல்பா திரும்பிப்போய் மற்ற இரண்டோடும் சேர்ந்துகொள்கிறது. அளந்து எண்ணெய் விட்ட அகல்போல, எரியத் தொடங்கும்போதே அணையும் நேரமும் அதற்குள் இருக்கிறது. சீக்கிரம் அணைய வேண்டிய இடங்களில் ஆர்ஜிஎஸ் என்ற புரதங்கள் வந்து வெட்டை விரைவுபடுத்தும்.

அணையாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பாட்டியிடம்தான் முதலில் கேட்டிருக்கிறேன், அவருக்கும் எனக்கும் அது தெரியாமலே. காலரா என்று பாட்டி சொல்லமாட்டார், வாந்திபேதி என்பார். விடிகாலையில் வயலுக்குக் கிளம்பிய அவருடைய அண்ணன் பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். கண் குழிந்து, விரல் நுனி நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கி. குடித்தால் இன்னும் போகும் என்று யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. "தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே போனான்" என்பார் பாட்டி. அதற்குமேல் பேசமாட்டார்.

காலரா நஞ்சு குடல் செல்லுக்குள் புகுந்து இந்த ஆல்பாவின் மேல் ஒரு மூலக்கூறை ஒட்டிவிடுகிறது. 201ஆம் இடத்தில் உள்ள ஆர்ஜினின் மேல், துல்லியமாக. அதன் பிறகு ஆல்பாவால் பாஸ்பேட்டை வெட்ட முடியாது. சைக்ளிக் ஏஎம்பி ஏறிக்கொண்டே போகும். குளோரைடு குடலுக்குள் கொட்டும், பின்னாலேயே நீரும். அரிசி களைந்த தண்ணீர்போல வெளியேறும் அது, கடுமையான நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர்வரை போகும். அந்த அண்ணனின் குடலில் அன்று நின்றிருக்கவேண்டிய ஒரு சேதி நிற்கவில்லை.

அப்படி ஒரு நஞ்சு உண்டு என்று காட்டியவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. முயலின் குடல் துண்டைக் கட்டி, கிருமிகளை வடித்தெடுத்த வெறும் நீர்மத்தை அதற்குள் செலுத்தினார், குடல் வீங்கியது. 1959இல் நேச்சர் இதழில் அது வெளிவந்தது. ஜி-புரதத்தைக் கண்டறிந்ததற்காக ராட்பெல்லுக்கும் கில்மனுக்கும் 1994இல் நோபல் கிடைத்தது, தகுதியான பரிசு. ராட்பெல் பயன்படுத்திய ஏடிபியில் கலப்படமாகக் கிடந்த குவனோசின் ட்ரைபாஸ்பேட்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது. டே 1985இல் காலமானார். அவருடைய பெயர் நம் பள்ளிப் பாடநூல் ஒவ்வொன்றிலும் இருக்கவேண்டும்.

மகனின் கையைப் பிடித்திருக்கும்போது இதெல்லாம் ஓடும். அவன் மூச்சைத் திறந்துவிடுவதும் இதே ஆல்பாதான், இதே சைக்ளிக் ஏஎம்பிதான். இங்கே சேதி சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடுகிறது, நடுக்கமும் நின்றுவிடுகிறது.

பாட்டியின் அண்ணனுக்குத் தண்ணீரோடு உப்பும் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம். சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உறிஞ்சும் வாயில் ஒன்று குடலில் தனியாக இருக்கிறது. நஞ்சு அதைத் தொடுவதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் சலைன் தீர்ந்துபோனபோது மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் இதைத்தான் நம்பினார். உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ்; பொட்டலம் கட்டி உறவினர் கையிலேயே கொடுத்தார். காலரா கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது.

வீட்டில் யாருக்குப் பேதி கண்டாலும் தண்ணீரை நிறுத்தாதீர்கள். ஓஆர்எஸ் பொட்டலம் கையிருப்பில் இருக்கட்டும். ஒரு லிட்டருக்கு உள்ளதை ஒரு லிட்டரில் முழுதாகக் கரையுங்கள். கண்ணளவில் பாதி போடாதீர்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலையும் தொடருங்கள். கண் குழிந்தாலோ சிறுநீர் நின்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், போகும் வழியிலும் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே.